பாதி சம்பளம் போதும் என்ற 27 வயது அதிகாரி: கல்கத்தா மாநகராட்சியில் நேதாஜி பார்த்த 6 மாத வேலை

ராணுவ உடுப்பு, வட்டக் கண்ணாடி, தலையில் தொப்பி. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் என்றாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது இந்தப் படம்தான். டீக்கடையிலும் சலூனிலும் இன்றைக்கும் இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் அந்த உடுப்பை போடுவதற்கு 19 வருஷம் முன்னாடி அவர் குடிதண்ணீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு என்று அலைந்த ஒரு மாநகராட்சி அதிகாரி. அதுவும் சாதாரண அதிகாரி இல்லை. கல்கத்தா மாநகராட்சிக்கே தலைமை நிர்வாக அதிகாரி. இங்கே மாநகராட்சி கமிஷனர் பார்க்கிறாரே, கிட்டத்தட்ட அந்த வேலை.

அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தது 6 மாதம்தான். அதற்குள் வெள்ளைக்காரன் தூக்கி ஜெயிலில் போட்டுவிட்டான்.

அப்பாவும் நகராட்சி தலைவர்

சுபாஷ் பிறந்தது 1897-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி. ஊர் ஒரிசாவில் உள்ள கட்டாக். அப்பா ஜானகிநாத் போஸ் பெரிய வக்கீல். அம்மா பிரபாவதி. மொத்தம் 14 பிள்ளைகள். அதில் சுபாஷ் 9-வது.

அப்பாவுக்கும் நகராட்சிக்கும் சம்பந்தம் உண்டு. 1901-ல் கட்டாக் நகராட்சி தலைவராக தேர்வானவர் அவர். ஆகவே சின்ன வயதிலேயே வீட்டில் ஊர் விவகாரம் காதில் விழுந்திருக்கும்.

படிப்பில் சுபாஷ் படு சுட்டி. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். 1916-ல் அங்கே ஓட்டன் என்ற வெள்ளைக்கார பேராசிரியர் இந்திய மாணவர்களிடம் முறைகேடாக நடந்தார் என்று தகராறு கிளம்பியது. பேராசிரியரை மாணவர்கள் அடித்துவிட்டார்கள். அந்த விவகாரத்தில் சுபாஷ் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார். பிறகு ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கினார்.

ஐ.சி.எஸ். வேலையை உதறினார்

மகன் கலெக்டர் ஆக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. 1919-ல் லண்டனுக்கு கப்பல் ஏற்றி அனுப்பினார். 1920-ல் நடந்த ஐ.சி.எஸ். பரீட்சையில் சுபாஷ் 4-வது இடம் பிடித்தார். அந்தக் காலத்தில் அதைவிட பெரிய உத்தியோகம் இந்தியனுக்கு கிடையாது. கை நிறைய சம்பளம், பங்களா, சேவகர்கள், பென்ஷன் எல்லாம் தேடி வரும்.

அதை வேண்டாம் என்று 1921 ஏப்ரலில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். வெள்ளைக்காரனை எதிர்க்கவும் வேண்டும், அவனிடமே சம்பளமும் வாங்க வேண்டும் என்றால் அது சரிப்படாது என்பது அவருடைய முடிவு.

ஊர் திரும்பியதும் பம்பாயில் காந்தியை பார்த்தார். பிறகு கல்கத்தா போய் சித்தரஞ்சன் தாசை சந்தித்தார். வக்கீல் தொழிலில் கொட்டிய பணத்தை விட்டுவிட்டு போராட்டத்தில் குதித்தவர் தாஸ். இவர்தான் என் தலைவர் என்று சுபாஷ் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் இங்கிலாந்து இளவரசர் இந்தியா வந்தார். அவர் வருகையை எதிர்த்து போராட்டம். தாசும் சுபாசும் கைதானார்கள். சுபாசுக்கு 6 மாதம் ஜெயில். இவ்வளவுதானா, நான் என்ன கோழி திருடினேனா என்கிற மாதிரி மாஜிஸ்திரேட்டிடம் கேட்டாராம். ஜெயிலுக்குள் தாசுக்கு வேண்டிய வேலைகளை எல்லாம் சுபாஷ்தான் பார்த்துக் கொண்டார். குரு-சிஷ்யன் உறவு அங்கேதான் இறுகியது.

மேயர் தாஸ்

1923-ல் கல்கத்தா மாநகராட்சிக்கு புது சட்டம் வந்தது. கொண்டு வந்தவர் வங்காள மந்திரியாக இருந்த சுரேந்திரநாத் பானர்ஜி. அதன்படி ஊருக்கு ஒரு மேயர். அவரை கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அன்றாட நிர்வாகத்தை நடத்த தனியாக ஒரு தலைமை நிர்வாக அதிகாரி. அவரையும் மாநகராட்சியே நியமிக்கலாம். ஆனால் ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். அந்த நியமனத்துக்கு அரசாங்கம் ஒப்புதல் தர வேண்டும்.

1924 மார்ச்சில் தேர்தல். தாஸ் தொடங்கிய சுயராஜ்ய கட்சி பெரும்பான்மை பிடித்தது. ஏப்ரலில் தாஸ் முதல் மேயர் ஆனார். துணை மேயராக வந்தவர் உசேன் ஷாகித் சுக்ரவர்த்தி. பின்னால் 1956-ல் பாகிஸ்தான் பிரதமர் ஆனாரே, அவரேதான்.

மேயர் ரெடி. அதிகாரி யார்? இதில்தான் சிக்கல்.

பதவிக்கு இருவர்

அந்த நாற்காலிக்கு முதலில் அடிபட்ட பெயர் பீரேந்திரநாத் சாஸ்மல். மிதுனாப்பூர் மாவட்டத்துக்காரர். பாரிஸ்டர். 1921-ல் கிராமங்களில் புதிதாக வரி போட வந்த யூனியன் போர்டுகளை எதிர்த்து விவசாயிகளை திரட்டி, அரசாங்கத்தையே பணிய வைத்தவர். வயதிலும் அனுபவத்திலும் சுபாசுக்கு மூத்தவர். தாசுக்கு ரொம்ப வேண்டியவர்.

ஆனால் கல்கத்தா நகரத்து பெரிய மனிதர்களுக்கு சாஸ்மல் வருவது பிடிக்கவில்லை. வெளியூர்க்காரர் என்பது ஒரு காரணம். அவர் பிறந்த ஜாதியும் ஒரு காரணம் என்று அப்போதே பேச்சு எழுந்தது. கடைசியில் தாஸ் கை காட்டியது சுபாஷை.

சாஸ்மல் மனசு ஒடிந்து போனார். தாசின் வட்டாரத்தில் இருந்து விலகினார். வங்காள காங்கிரசில் இந்த விரிசல் பல வருஷம் ஆறவில்லை. சுபாசின் நியமனத்தை பற்றி பேசுகிறவர்கள் இந்தக் கதையை பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் ஒருவருக்கு கிடைத்த நாற்காலி இன்னொருவர் எதிர்பார்த்த நாற்காலி என்பதும் உண்மைதான்.

சாஸ்மலை தாண்டியாச்சு. அடுத்து அரசாங்கம். ஐ.சி.எஸ். வேலையை தூக்கி எறிந்தவன், ஜெயிலுக்கு போய் வந்தவன், வயது 27. இவனிடம் இந்தியாவின் மிகப்பெரிய நகரங்களில் ஒன்றை கொடுப்பதா என்று அதிகாரிகள் யோசித்தார்கள். இழுத்தடித்தார்கள். கவுன்சிலர்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த மேயரின் முடிவை தட்டிக்கழிக்க முடியவில்லை. கடைசியில் அரை மனசாக ஒப்புதல் கொடுத்தார்கள்.

ரூ.1,500 போதும்

பதவிக்கு சம்பளம் மாதம் 3 ஆயிரம் ரூபாய். 1924-ல் இது மலைக்க வைக்கும் தொகை. சுபாஷ் செய்த முதல் காரியம், பாதி போதும் என்று சொன்னது. மாதம் ரூ.1,500 மட்டும் வாங்கிக் கொண்டார். மீதி மாநகராட்சிக்கே மிச்சம்.

அடுத்தது உடை. கல்கத்தா மாநகராட்சி ஊழியர்களுக்கு கதர் சீருடை வந்தது. மாநகராட்சிக்கு சாமான் வாங்கும்போது இந்தியப் பொருளுக்கு முதலிடம் என்றார்கள். வெள்ளைக்கார கவர்னர்கள் பெயரில் இருந்த தெருக்கள், பூங்காக்களுக்கு இந்திய தலைவர்கள் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள்.

அதுவரை வைஸ்ராய் வந்தால், கவர்னர் வந்தால் மாநகராட்சி வரவேற்பு பத்திரம் வாசித்து கொடுக்கும். அந்த வழக்கம் நின்றது. ஊருக்கு வரும் தேசத் தலைவர்களுக்கு வரவேற்பு கொடுத்தார்கள்.

இதெல்லாம் பார்வைக்கு தெரிந்த மாற்றம். ஏழை ஜனங்களுக்கு உபயோகமான வேலை வேறு நடந்தது.

மாநகராட்சியில் தனியாக கல்வி துறை தொடங்கினார்கள். கேம்பிரிட்ஜில் படித்த க்ஷிதீஷ் பிரசாத் சட்டோபாத்யாயவை கல்வி அதிகாரியாக போட்டார்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் இலவச ஆரம்பப் பள்ளிகள் பெருகின. வார்டு வார்டாக சுகாதார சங்கங்கள் அமைத்து மாநகராட்சி பணம் கொடுத்தது. ஏழைகளுக்கு இலவச மருந்தகங்கள். கைக்குழந்தைகளுக்கு கிளினிக். அங்கே ஏழை வீட்டு குழந்தைகளுக்கு பால்.

வேலை கொடுப்பதிலும் ஒரு மாற்றம் செய்தார்கள். கல்கத்தாவில் முஸ்லிம்கள் நிறைய பேர் இருந்தும் மாநகராட்சி உத்தியோகத்தில் அவர்கள் குறைவு. தாஸ் 1923-ல் போட்ட இந்து-முஸ்லிம் ஒப்பந்தத்தின்படி புது நியமனங்களில் அவர்களுக்கு கணிசமான இடம் கொடுத்தார் சுபாஷ். இதனால் அவருக்கு எதிர்ப்பும் வந்தது. எங்கள் வயிற்றில் அடிக்கிறார் என்று மற்றவர்கள் சத்தம் போட்டார்கள். சுபாஷ் பின்வாங்கவில்லை. காந்தி அவர் செய்தது சரி என்று பாராட்டினார்.

விடியும் முன்னே போலீஸ்

அதே வருஷம் ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு கொலை நடந்திருந்தது. போலீஸ் கமிஷனர் டெகார்ட்டை சுட நினைத்த கோபிநாத் சாகா என்ற வாலிபர், ஆள் மாறி எர்னஸ்ட் டே என்ற வெள்ளைக்காரரை சுட்டுவிட்டார். அதிலிருந்தே போலீசுக்கு கிலி. சுபாசுக்கு புரட்சிக்காரர்களோடு தொடர்பு இருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். நிரூபிக்க எந்த வழக்கும் போடவில்லை.

1924 அக்டோபர் 25. விடிவதற்கு முன்பே போலீஸ் வந்து சுபாஷை எழுப்பியது. 1818-ம் ஆண்டு போட்ட ஒரு பழைய சட்டத்தின்படி கைது. அந்த சட்டத்தில் ஒருவரை பிடித்தால் குற்றப்பத்திரிகை வேண்டாம், விசாரணை வேண்டாம், எத்தனை நாள் என்ற கணக்கும் வேண்டாம்.

மேயர் தாஸ் கொதித்துப் போனார். மாநகராட்சி கூட்டத்தில் எழுந்து, நாட்டை நேசிப்பது குற்றம் என்றால் சுபாஷ் மட்டுமல்ல, நானும் குற்றவாளிதான் என்ற அர்த்தத்தில் பேசினார்.

அதன் பிறகு நடந்தது இன்னும் வினோதம். கைதான அதிகாரி பதவியில்தான் இருந்தார். ஆகவே மாநகராட்சி பைல்களை தூக்கிக் கொண்டு அவருடைய செயலாளர் அலிப்பூர் ஜெயிலுக்கு போனார். பக்கத்தில் போலீஸ் அதிகாரியும் ஜெயில் அதிகாரியும் உட்கார்ந்திருக்க, சுபாஷ் கல்கத்தாவின் நிர்வாகத்தை கம்பிக்குப் பின்னால் இருந்து பார்த்தார்.

சில வாரம்தான். அங்கே போலீஸ் அதிகாரியோடு தகராறு வந்தது. அவரை பெர்காம்பூர் ஜெயிலுக்கு மாற்றினார்கள். பைல்கள் நின்றன. 1925 ஜனவரியில் கப்பல் ஏற்றி பர்மாவில் உள்ள மாண்டலே ஜெயிலுக்கு கொண்டு போனார்கள். திலகரை அடைத்து வைத்த அதே ஜெயில்.

அவர் ஆசையாக திட்டம் போட்டிருந்த மாநகராட்சி வாரப் பத்திரிகை அந்த நவம்பரில்தான் வெளிவந்தது. அப்போது அவர் உள்ளே.

குருவும் போனார்

மாண்டலேயில் வெயிலும் புழுதியும் அவர் உடம்பை கெடுத்தது. அதைவிட பெரிய அடி 1925 ஜூன் 16-ந் தேதி விழுந்தது. டார்ஜிலிங்கில் சித்தரஞ்சன் தாஸ் இறந்து போனார். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கக்கூட சிஷ்யனுக்கு கொடுத்து வைக்கவில்லை. தாஸ் தன் வீட்டை பொதுக் காரியத்துக்கு எழுதி வைத்திருந்தார். அது பெண்களுக்கான ஆஸ்பத்திரி ஆனது.

ஜெயிலில் இருந்து எழுதிய கடிதங்களிலும் சுபாஷ் மாநகராட்சி வேலைகளை பற்றி எழுதிக் கொண்டிருந்தார். 1926 பிப்ரவரியில் துர்கா பூஜை செலவுக்காக கைதிகளோடு சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தார். உடம்பு மோசமாகி, காசநோய் என்று சந்தேகம் வந்த பிறகு 1927 மே மாதம் விடுவித்தார்கள். இரண்டரை வருஷம் வழக்கே இல்லாமல் போனது.

மேயராக திரும்பினார்

அந்த நாற்காலிக்கு அவர் அதிகாரியாக திரும்பவில்லை. 1930 ஆகஸ்டில் மேயராக தேர்வானார். அப்போதும் அவர் ஜெயிலில்தான் இருந்தார். வெளியே வந்துதான் பதவி ஏற்றார்.

1931 ஜனவரி 26-ந் தேதி சுதந்திர தின ஊர்வலத்துக்கு தலைமை தாங்கி மேயரே தெருவில் நடந்தார். குதிரைப் போலீஸ் பாய்ந்தது. மேயர் என்றும் பார்க்காமல் தடியால் அடித்தார்கள். காயத்தோடு மறுபடி ஜெயில்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 1938-லும் 1939-லும் காங்கிரஸ் தலைவர். 1941 ஜனவரியில் எல்கின் ரோடு வீட்டுக் காவலில் இருந்து ராத்திரியோடு ராத்திரியாக தப்பினார். 1943-ல் சிங்கப்பூர். மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக் கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகள் அவருடைய படையில் சேர்ந்தார்கள். பெண்கள் படைக்கு தலைமை தாங்கிய டாக்டர் லட்சுமி சென்னையில் படித்தவர். 1945 ஆகஸ்ட் 18-ந் தேதி தைவானில் நடந்த விமான விபத்தில் நேதாஜி இறந்ததாக அறிவித்தார்கள். அதை நம்பாதவர்கள் பல வருஷம் இருந்தார்கள்.

சாஸ்மல் 1934-லேயே காலமாகிவிட்டார். கல்கத்தா விமான நிலையத்துக்கு 1995-ல் நேதாஜி பெயர் வைத்தார்கள். எல்கின் ரோடு வீடு அருங்காட்சியகம் ஆனது. ஊரின் பெரிய சாலைகளில் ஒன்று சித்தரஞ்சன் அவென்யூ.

படை நடத்திய நேதாஜிக்கு சிலை நிறைய இருக்கிறது. பாதி சம்பளம் வாங்கிக் கொண்டு, ஏழைப் பிள்ளைக்கு பள்ளிக்கூடமும் பாலும் கொடுக்க வைத்த 27 வயது அதிகாரியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அவருக்கு கிடைத்தது 1924-ல் வெறும் 6 மாதம். அதற்குள் இவ்வளவு முடிந்தது.