எல்லை காத்த நீதிபதி இராஜமன்னார்

நாட்டை ஆண்டவர்களின் வரலாறுகளை நாம் ஆவலோடு படிக்கிறோம். ஆள்வோரை நோக்கி, உம் அதிகாரம் இவ்வளவுதான் என்று எல்லை காட்டியவர்களின் வரலாறுகளை அவ்வளவாகப் படிப்பதில்லை. அவ்வாறு எல்லை காட்டியோருள் தலைசிறந்த ஒருவர் பகாலா வேங்கட இராஜமன்னார். இராஜமன்னார் குழு என்ற சொல் நம் நண்பர்கள் பலருக்கு மேடைப் பேச்சுகளில் கேட்டுப் பழகிய சொல். ஆனால் அக்குழுவுக்குத் தம் பெயரைத் தந்த மனிதர் யார் என்று கேட்டால் விடை சற்றுத் தயங்கியே வரும்.

பௌதிகம் பயிலும் உனக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். கல்வியை நாடியோ, தொழிலை நாடியோ தமிழகத்தை விட்டுப் பெங்களூருக்கு வந்து வாழும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வாழ்வு இது என்பதே என் விடை.

இராஜமன்னார் 1901ஆம் ஆண்டில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. தந்தையார் வேங்கடரமண ராவ் சென்னை உயர்நீதி மன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்; பின்னர் மைசூர்ச் சீமையின் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். கப்பன் பூங்காவை ஒட்டி நாம் நாள்தோறும் பார்க்கும் அட்டாரா கச்சேரி என்னும் செந்நிற மாளிகைதான் அந்த நீதிமன்றம் நடந்த இடம். ஆகவே, நம் கதாநாயகருக்கு இந்நகர் முற்றும் அயலூர் அன்று.

மகனும் தந்தை வழியே சட்டத் துறையில் புகுந்தார். சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்து, 1945இல் நீதிபதியாகி, 1948இல் தலைமை நீதிபதியானார். விடுதலைக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1961வரை 13 ஆண்டுகள் அந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தார். இடையே 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தபோதும், தெலுங்கரான அவர் சென்னையிலேயே தலைமை நீதிபதியாகத் தொடர்ந்தார். சட்டத்தோடு கலையும் அவரிடம் குடிகொண்டிருந்தது. அவர் தெலுங்கில் எழுதிய தப்பெவரிதி என்ற நாடகத்தைப் புகழ்பெற்ற நடிகர் பல்லாரி ராகவா மேடையேற்றினார். 1953இல் சங்கீத நாடக அகாதெமி தொடங்கப்பெற்றபோது அதன் முதல் தலைவரும் இவரே.

நிற்க. 1950 ஜனவரி 26ஆம் நாள் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை உரிமைகள் ஏட்டில் ஏறிவிட்டன. அவை ஏட்டுச் சுரைக்காய்தானா, கறிக்கு உதவுமா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு நீதிமன்றங்களுக்கு வந்தது. அந்த ஆண்டிலேயே இராஜமன்னார் முன் இரண்டு பெரிய வழக்குகள் நின்றன.

முதலாவது, செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களையும் வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணை அன்று வழக்கில் இருந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, பிராமணருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. இது புதிய அரசியல் சட்டத்தின் எழுத்துக்கு மாறானது என்று இராஜமன்னார் தலைமையிலான ஆயம் 1950 ஜூலையில் தீர்ப்பளித்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இந்தத் தீர்ப்பை நான் எளிதில் விழுங்கிவிட முடியாது. இட ஒதுக்கீட்டின் பயனாகக் கல்லூரி வாயிலைக் கண்டவர் நம்மில் பலர். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். பெரியாரும் மற்றோரும் கிளர்ந்தெழுந்தனர். தமிழகமெங்கும் கூட்டங்கள் நடந்தன. 1951 ஜூனில் பாராளுமன்றம் முதல் திருத்தத்தை நிறைவேற்றிப் பிற்பட்டோருக்கெனத் தனி ஏற்பாடு செய்ய வழி திறந்தது. நீதிபதி எழுத்தின்படி தீர்ப்புச் சொன்னார்; குடிமக்கள் எழுத்தையே மாற்றினார்கள். சட்டம் குறையுடையதாயின், நீதிபதி கண்ணை மூடிக்கொள்வது அதற்கு மருந்தன்று. மக்கள் கண்ணைத் திறப்பதே மருந்து.

இரண்டாவது, வி. ஜி. ராவ் வழக்கு. மக்கள் கல்விக் கழகம் என்ற சங்கத்தைச் சட்ட விரோதமானதென்று சென்னை அரசு அறிவித்தது. அறிவித்துவிட்டால் அதுவே முடிவு. நீதிமன்றத்தில் வாதாட இடமில்லை என்று சட்டத்தையும் வகுத்திருந்தது. சங்கம் அமைக்கும் உரிமை அரசாங்கத்தின் மனம்போல் எடுக்கவும் கொடுக்கவும் கூடிய சலுகையன்று என்ற கொள்கையில் நின்று, உயர்நீதி மன்றம் அந்தச் சட்டப் பிரிவைச் செல்லாதாக்கியது. 1952இல் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே முடிவு செய்தது. நாம் இங்கே கூடித் தமிழ்ச் சங்கம் நடத்துகிறோமே, அந்த உரிமையின் வேலிக்கு ஒரு கல் அன்று நடப்பட்டது.

1957 அக்டோபரில் சென்னைக் கவர்னர் ஏ. ஜே. ஜான் காலமானார். சுமார் நான்கு மாதங்கள் இராஜமன்னாரே தற்காலிகக் கவர்னராகப் பணியாற்றினார். பின்னர் 1964இல் நான்காவது நிதிக் குழுவின் தலைவரானார். வருமான வரியில் மாநிலங்களின் பங்கை 75 சதவிகிதமாக உயர்த்தப் பரிந்துரைத்தது அக்குழு. ஆக, கவர்னர் மாளிகையையும் மத்தியக் கருவூலத்தையும் உள்ளிருந்தே பார்த்தவர் அவர்.

இந்த அனுபவத்தையெல்லாம் திரட்டிவைத்த இடமே இராஜமன்னார் குழு. 1969 செப்டம்பரில் கலைஞர் கருணாநிதியின் அரசு அதை அமைத்தது. டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியாரும், நீதிபதி பி. சந்திரா ரெட்டியும் மற்ற இரு உறுப்பினர்கள். வகுப்புவாரி ஆணையைச் செல்லாதாக்கிய அதே நீதிபதியை, அந்த ஆணையின் கொள்கையில் வளர்ந்த இயக்கத்தின் அரசு நம்பி அழைத்தது! எனக்கு மாறாகத் தீர்ப்புச் சொன்னவர் நேர்மையாகத்தான் சொன்னார் என்று எண்ண முடிவதே அரசியல் முதிர்ச்சியன்றோ?

1971 மே மாதம் அறிக்கை வந்தது. நாட்டின் ஒருமைப்பாட்டுக்குக் குந்தகமின்றி மாநிலங்கள் தம் காலில் நிற்க வழி தேடியது அது. மாநிலங்களிடை மன்றம் உடனே அமைய வேண்டும். மாநில அரசைக் கலைக்க இடந்தரும் 356ஆம் விதி நீங்க வேண்டும், இன்றேல் சட்டமும் ஒழுங்கும் முற்றும் குலைந்தாலன்றிப் பயன்படலாகாது. மாநிலங்களவையில் எல்லா மாநிலங்களுக்கும் சமமான இடம் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. 1974இல் தமிழகச் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி செவி சாய்க்கவில்லை. அறிக்கை வந்து ஐந்தாண்டு நிறையுமுன், 1976 ஜனவரியில், அதே 356ஆம் விதியால் தமிழக அரசு கலைக்கப்பட்டது. 1979இல் இராஜமன்னார் மறைந்தார்.

வித்து உறங்கினாலும் சாவதில்லை. 1983 மார்ச்சில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே தென்மாநில முதல்வர்களை இதே பெங்களூரில் கூட்டினார். அந்த மாதத்திலேயே சர்க்காரியா குழு அறிவிக்கப்பட்டது. 1990இல் மாநிலங்களிடை மன்றம் பிறந்தது. 1989 ஏப்ரலில் எஸ். ஆர். பொம்மையின் கர்நாடக அரசு, சட்டமன்றத்தில் பலத்தைக் காட்ட வாய்ப்புத் தரப்படாமலே கலைக்கப்பட்டது. 1994இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றமே, கவர்னர் மாளிகையன்று என்று நிலைநாட்டினர். தமிழகத்தில் ஒரு தெலுங்கர் எழுதிய எச்சரிக்கையைக் கன்னட நாட்டு வழக்கொன்று மெய்ப்பித்தது.

இனி, நமக்கு இதில் என்ன? மாநிலங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று தமிழகத்தில் இருந்துகொண்டு முழங்குவது எளிது. வேறொரு மாநிலத்தில் சிறுபான்மையாக வாழும் நாம் அதையே சொல்லும்போது ஒரு கணம் நெஞ்சு திடுக்கிடுகிறது. 1991 டிசம்பரில், காவிரியின் பெயரால் இந்நகரில் தமிழர்மீது நடந்த வன்செயலைப் பெரியோர் இன்னும் மறக்கவில்லை. மாநிலம் வலுப்பெற்றால் அயலான் கதி என்ன?

இராஜமன்னாரின் வாழ்வே விடை சொல்கிறது. முற்பாதியில் குடிமகனின் உரிமைக்காக மாநில அரசைத் தடுத்தார். பிற்பாதியில் மாநிலத்தின் உரிமைக்காக மத்திய அரசுக்கு வரம்பு கேட்டார். இரண்டும் ஒரே கொள்கை. சமன்பாட்டை எழுதினால் மட்டும் விடை கிடைத்துவிடாது; எல்லை நிபந்தனைகளையும் குறித்தால்தான் விடை நிலைக்கும் என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். ஆட்சிக்கும் அஃதே. தில்லிக்கு எல்லை மாநிலம். மாநிலத்துக்கு எல்லை குடிமகனின் அடிப்படை உரிமை. இந்தியாவின் எப்பகுதியிலும் வாழலாம் என்ற உரிமை கர்நாடகம் நமக்கு இட்ட பிச்சையன்று. தமிழகத்தில் வாழும் பிற மொழியாருக்கு நாம் இடும் பிச்சையுமன்று.

உரிமையைப் பேசுவோர் கடமையை மறத்தல் ஆகாது. இங்கேயே தங்கி வாழ்வோர் வாக்காளர் பட்டியலில் இங்கே பெயரைச் சேர்த்து, ஊரில் உள்ள பதிவை நீக்குக. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டத்துக்கு மாறு. கன்னடம் கற்க, அண்டை வீட்டாரோடு பேச இயலாதவர் குடியிருப்பவரேயன்றிக் குடிமக்கள் ஆகார். தெருவில் குழாய் வற்றினால் முணுமுணுத்துக்கொண்டிராமல், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். 2020இல் இந்நகர மன்ற உறுப்பினர்களின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடவாதிருந்ததே, அப்போது நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? தில்லியிடம் மாநிலம் கேட்கும் நியாயத்தை, மாநிலத்திடம் நகரமும் கேட்கலாம் அல்லவா?

எல்லை வகுப்பது நீதிபதியின் வேலை. அது மீறப்படுகிறதா என்று விழித்திருந்து பார்ப்பது நம் வேலை.