ரிச்சர்ட் நிக்ஸன்: சொந்தக் குரலே சாட்சியான அதிபர்

1974-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் தேதி காலை, வெள்ளை மாளிகை ஊழியர்களிடம் விடைபெற்றுக்கொண்டு ஹெலிகாப்டரில் ஏறினார் ரிச்சர்ட் நிக்ஸன். அன்று நண்பகல் அவரது ராஜிநாமா நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க வரலாற்றில் பதவியை ராஜிநாமா செய்த ஒரே அதிபர் இன்றுவரை அவர்தான். அதற்கு 21 மாதங்களுக்கு முன்புதான் நாட்டின் 50 மாகாணங்களில் 49-இல் வென்று அவர் மீண்டும் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அத்தகைய பெருவெற்றி பெற்றவரை இரண்டு ஆண்டுகளுக்குள் வீழ்த்தியவற்றில் முதன்மையானது, அவரே தமது அலுவலகத்தில் பொருத்திய ஒலிப்பதிவுக் கருவி.

எளிய குடும்பம்

கலிஃபோர்னியா மாகாணத்தின் யோர்பா லிண்டா என்ற சிற்றூரில் 1913-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி நிக்ஸன் பிறந்தார். தந்தையின் எலுமிச்சைத் தோட்டம் நொடித்துப் போனதால், குடும்பம் விட்டியர் நகருக்குக் குடிபெயர்ந்து மளிகைக் கடை நடத்தியது. சகோதரர்கள் இருவரை இளம் வயதிலேயே பறிகொடுத்தார். வறுமைக்கு இடையே படித்து, டியூக் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றினார்.

1946-இல் குடியரசுக் கட்சி சார்பில் பிரதிநிதிகள் சபைக்கும், 1950-இல் செனட் சபைக்கும் தேர்வானார். கம்யூனிஸ எதிர்ப்பே அவரது தொடக்க கால அரசியலின் அடித்தளமாக இருந்தது. 1953-இல் ஐசனோவரின் துணை அதிபராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 40 மட்டுமே.

1960 அதிபர் தேர்தலில் ஜான் கென்னடியிடம் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலிலும் தோல்வியே கிடைத்தது. அவரது அரசியல் வாழ்க்கை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணினர். எனினும், வியத்நாம் போரால் நாடு பிளவுண்டு கிடந்த 1968-இல் அவர் மீண்டெழுந்து வெற்றி பெற்றார்.

சாதனையும் சந்தேகமும்

அவரது ஆட்சியில் சாதனைகளுக்குக் குறைவில்லை. 1972 பிப்ரவரியில் சீனாவுக்குச் சென்று, இரு நாடுகளுக்கும் இடையே 20 ஆண்டுகளுக்கும் மேலாக நிலவிய பகையைத் தணித்தார். அதே ஆண்டு மே மாதம் மாஸ்கோவில் அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-இல் அவரது ஆட்சியில்தான் அமைக்கப்பட்டது.

இந்தியா அவரை நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. 1971 வங்கதேசப் போரின்போது பாகிஸ்தான் பக்கம் நின்ற அவர், எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார்.

யாரையும் எளிதில் நம்பாத இயல்பு அவருடன் வளர்ந்தே வந்தது. 1971 ஜூன் மாதம் வியத்நாம் போர் தொடர்பான அரசின் ரகசிய ஆவணங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. இதையடுத்து, ரகசியக் கசிவுகளைத் தடுப்பதற்கென்று வெள்ளை மாளிகையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்தில் அக்குழுவின் ஆள்கள் பூட்டை உடைத்து நுழைந்தனர். சட்டமீறல் அப்போதே தொடங்கிவிட்டது.

வாட்டர்கேட்

வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டட வளாகத்தில் இருந்த ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அலுவலகத்துக்குள் புகுந்த 5 பேர், 1972 ஜூன் 17 அதிகாலையில் பிடிபட்டனர். ஒட்டுக்கேட்புக் கருவிகளுடன் வந்திருந்த அவர்களுள் ஒருவர், நிக்ஸனின் மறுதேர்தல் பிரசாரக் குழுவின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்.

நிக்ஸனுக்கு முன்கூட்டியே அந்தச் சதி தெரியும் என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால், ஆறே நாள்களில் அவர் செய்தது பெருங்குற்றமாயிற்று. உளவு அமைப்பான சிஐஏ மூலம் எஃப்பிஐ விசாரணையை நிறுத்தும் திட்டத்துக்கு ஜூன் 23-ஆம் தேதி அவர் ஒப்புதல் அளித்தார். அந்த உரையாடல் ஒலிநாடாவில் பதிவானது.

வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர்களும் நீதிபதி ஜான் சிரிகாவும் உண்மையைத் தேடுவதில் விடாப்பிடியாக இருந்தனர். 1973-இல் செனட் குழுவின் விசாரணை தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அதிபர் அலுவலக உரையாடல்கள் அனைத்தும் 1971 முதல் பதிவு செய்யப்படுவதை, அந்த விசாரணையில் ஜூலை 16-ஆம் தேதி முன்னாள் உதவியாளர் ஒருவர் வெளிப்படுத்தினார்.

நாடாக்களுக்கான போர்

நாடாக்களைக் கேட்ட சிறப்பு வழக்குரைஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்குமாறு அக்டோபர் 20-ஆம் தேதி இரவு நிக்ஸன் உத்தரவிட்டார். அதைச் செயல்படுத்த மறுத்து அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்ஸன் பதவி விலகினார். துணை அட்டர்னி ஜெனரலும் மறுத்துப் பதவி இழந்தார். பத்து நாள்களுக்கு முன்புதான், வேறொரு வரி ஏய்ப்பு வழக்கில் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ பதவி விலகியிருந்தார். பின்னர் ஒப்படைக்கப்பட்ட நாடா ஒன்றில் பதினெட்டரை நிமிட உரையாடல் அழிந்திருந்தது.

அதிபரின் உரையாடல்களைக் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று நிக்ஸன் தரப்பு வாதிட்டது. 1974 ஜூலை 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்து, நாடாக்களை ஒப்படைக்க உத்தரவிட்டது. தீர்ப்பளித்த 8 நீதிபதிகளும் ஒருமித்து நின்றனர். அவர்களுள் தலைமை நீதிபதி உள்பட 3 பேர் நிக்ஸனால் நியமிக்கப்பட்டவர்கள். நியமித்தவருக்கு நன்றிக்கடன் செலுத்துவதைவிட அரசமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதையே அவர்கள் கடமையாகக் கொண்டனர்.

ஜூன் 23 உரையாடலின் எழுத்து வடிவம் ஆகஸ்ட் 5-ஆம் தேதி வெளியானது. இரண்டு நாள் கழித்து அவரது கட்சியின் மூத்த தலைவர்களே நேரில் சென்று, பதவிநீக்கத் தீர்மானத்தைத் தடுக்கும் அளவுக்கு ஆதரவு இல்லை என்பதை உணர்த்தினர். மறுநாள் இரவு தொலைக்காட்சியில் தோன்றி ராஜிநாமாவை அறிவித்தார் நிக்ஸன்.

விட்டுச் சென்றது

அடுத்து அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு, ஒரே மாதத்தில் நிக்ஸனுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். நிக்ஸனின் நெருங்கிய உதவியாளர்கள் பலர் சிறை சென்றனர். அவர் நீதிமன்றக் கூண்டில் ஏறவே இல்லை. அந்த மன்னிப்பு சரியா, தவறா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அதிபரின் அலுவல் ஆவணங்கள் நாட்டின் சொத்து என்று 1978-இல் சட்டம் இயற்றப்பட்டது.

நாடாக்கள் பிற்காலத்தில் படிப்படியாக வெளியிடப்பட்டன. 1971-இல் இந்திரா காந்தியையும் இந்தியர்களையும் நிக்ஸன் இழிவாகப் பேசியதும் அவற்றின் வாயிலாகவே உலகுக்குத் தெரியவந்தது.

இறுதிக் காலத்தில் நூல்கள் எழுதி, வெளியுறவு விவகாரங்களில் ஆலோசனை கூறி, இழந்த மதிப்பை மீட்க முயன்ற நிக்ஸன், 1994 ஏப்ரல் 22-ஆம் தேதி தமது 81-ஆவது வயதில் நியூயார்க்கில் காலமானார். தந்தை கட்டிய அந்தச் சிறிய வீட்டின் அருகே, யோர்பா லிண்டாவில் மனைவி பாட் நிக்ஸனின் கல்லறைக்குப் பக்கத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.