பீத்தோவனும் மெட்ரோனோமும்

மேலை இசையைச் சிறிதேனும் செவிமடுத்தோர் பீத்தோவனை அறிவர். ஆயின், அவர் வாழ்வில் சிறு தாளக்கருவி ஒன்று பெற்ற இடத்தை அறிந்தோர் சிலரே.

1770இல் செருமனியின் பான் நகரில் பாடகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், தந்தையின் கடுங்கண்டிப்பில் இசை பயின்றார். 1792இல் வியன்னா சென்று அங்கேயே நிலைத்தார். முப்பது வயதை எட்டுமுன்னரே செவிப்புலன் குன்றத் தொடங்கிற்று.

அக்காலத்தில் இசையின் வேகத்தை அலெக்ரோ, அந்தாந்தே முதலிய இத்தாலியச் சொற்களே குறித்தன. அலெக்ரோ என்றால் மகிழ்வு. துயர் ததும்பும் பகுதிக்கும் அச்சொல்லையே எழுதும் விந்தையை அவர் விரும்பவில்லை. வாசிப்போரோ தத்தம் மனம்போல் ஓடினர். காது கேளாதவர் அதனைத் திருத்துவது எங்ஙனம்?

1815இல் மேல்செல் என்பார் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றார். (அதன் ஊசலை முதலில் அமைத்தவர் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த விங்கெல், புகழ் மேல்செல்லுக்குப் போயிற்று!) கோலில் நகரும் எடையை உயர்த்தினால் தட்டு மெதுவாகும், தாழ்த்தினால் விரையும். நிமிடத்திற்கு எத்தனை தட்டு என்பதை அளவுகோல் காட்டும். மேல்செல்லோடு முன்னர் வழக்காடியவர் பீத்தோவன். எனினும் கருவியை மனமார வரவேற்றார். 1817இல் தம் எட்டுச் சிம்பொனிகளுக்கும் வேக எண்களை வெளியிட்டார்.

ஆனால் அதற்கு அவர் அடிமையாகவில்லை. அதே ஆண்டில் பாடலொன்றுக்கு 100 என்று குறித்தவர், அவ்வெண் தொடக்கத்திற்கே உரியது, பின்னர் உணர்ச்சி தன் வேகத்தைத் தானே கொள்ளும் என்ற கருத்தையும் உடன் எழுதி வைத்தார். பயிற்சி செய்வோர்க்கு இதில் ஒரு வழி உண்டு. முதலில் துடிப்பைக் கருவியிடம் பெற்றுக்கொண்டு, அதை நிறுத்திவிட்டு வாசிக்க வேண்டும். முடிவில் மீண்டும் ஓடவிட்டு, விரைந்தோமா தயங்கினோமா என்று ஒப்பிடலாம். ஓயாது தட்டும் கருவியின் பின்னே ஓடுவோர்க்கு விரல் பழகும். காலப்பிரமாணம் உள்ளத்தில் ஊன்றாது.

106ஆம் எண் சொனாட்டாவின் முதற்பகுதிக்கு அவர் குறித்த எண் 138. இன்றும் பியானோ கலைஞர் பலர் அவ்வேகத்தை எட்டுவதில்லை. அவருடைய கருவி பழுதுற்றிருந்தது என்பாரும் உளர். எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. மனத்துள் மட்டுமே கேட்ட இசைக்கு விரலின் பாரம் இராதன்றோ!

1824இல் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனிக்கு எண் குறிக்கும் பணி 1826இல்தான் கைகூடியது. அவர் கூறக்கூற, தம்பி மகன் கார்ல் எழுதிக்கொண்டார். மறு ஆண்டு மார்ச் 26ஆம் நாள் பீத்தோவன் மறைந்தார்.