பீர் பீப்பாய்க்குள் ரகசியக் கடிதம்: ஸ்காட்லாந்து ராணி மேரி சிக்கியது எப்படி?

வாட்ஸ்அப்பா, சிக்னலா, டெலிகிராமா? எதில் அனுப்பினால் மெசேஜ் அடுத்தவர் கண்ணில் படாது? செல்போன் வைத்திருக்கும் பலருக்கும் வரும் இந்தக் கேள்வி, 1586-ல் ஒரு ராணிக்கு உயிர்ப் பிரச்னையாக வந்தது. ஸ்காட்லாந்து ராணி மேரி நம்பிய 'ஆப்' ஒரு பீர் பீப்பாய். அதை நடத்தியதோ அவரது எதிரிகள்.

யார் இந்த மேரி?

1542 டிசம்பர் 8-ல் பிறந்தார். ஆறே நாளில் அப்பா ஐந்தாம் ஜேம்ஸ் இறந்துவிட, தொட்டிலில் கிடந்த குழந்தை ராணி ஆனது. ஐந்து வயதில் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். 15 வயதில் அந்நாட்டு இளவரசர் பிரான்சிஸுடன் கல்யாணம். 18 வயது முடிய மூன்று நாள் இருக்கும்போது விதவை.

1561-ல் ஊர் திரும்பினார். இரண்டாவது கணவர் டார்ன்லி 1567-ல் கொல்லப்பட்டார். அந்தக் கொலையில் சந்தேகிக்கப்பட்ட பாத்வெலையே மூன்று மாதத்தில் மேரி மணக்க, பிரபுக்கள் கொந்தளித்தார்கள். பதவி போனது. ஒரு வயது மகன் ஜேம்ஸை அரசனாக்கினார்கள். உறவுக்காரரான எலிசபெத் ராணி கைகொடுப்பார் என்று நம்பி 1568-ல் இங்கிலாந்துக்கு ஓடினார் மேரி. கிடைத்தது காவல்தான், கிட்டத்தட்ட 19 வருஷம்.

எலிசபெத்துக்கு வாரிசு இல்லை. மேரிக்கோ இங்கிலாந்து அரியணையிலும் உரிமை இருந்தது. கத்தோலிக்கர்கள் பலர் அவரையே ராணியாகப் பார்த்தார்கள். அப்படி ஒருவரை எப்படி வெளியே விடுவார்கள்?

பூட்டு சரி, தபால்காரர் யார்?

காவலில் இருந்தபடியே மேரி சங்கேத எழுத்தில் கடிதங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். 1578 முதல் 1584 வரை அவர் எழுதிய 57 கடிதங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் அடையாளம் தெரியாமல் கிடந்தன. மூன்று ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர் உதவியோடு அவற்றைப் படித்துக்காட்டியது 2023-ல்தான். அவ்வளவு கெட்டியான பூட்டு.

1585-ல் புதிய காவலர் அமியாஸ் பவ்லெட் வந்ததும் அந்த வழிகள் அடைபட்டன. மாதக்கணக்கில் ஒரு ரகசியக் கடிதமும் இல்லை. அந்தத் தவிப்பில்தான் கில்பர்ட் கிஃபர்ட் என்ற இளைஞர் வந்தார். மேரியின் பாரிஸ் ஆட்களே சிபாரிசு செய்தவர். சார்ட்லி மாளிகைக்கு வரும் பீர் பீப்பாயில் தண்ணீர் புகாத உறைக்குள் கடிதம் வரும், காலிப் பீப்பாயில் பதில் போகும் என்பது ஏற்பாடு.

கிஃபர்ட் ஏற்கெனவே எலிசபெத்தின் உளவுத்துறைத் தலைவர் வால்சிங்கமிடம் பிடிபட்டு, அவர் ஆளாக மாறியிருந்தார். பீர்க்காரரும் அதே கையாள். இரண்டு பக்கமும் காசு வாங்கியது போதாமல் பீர் விலையையும் ஏற்றிக் கேட்டார் என்று பவ்லெட் புலம்பியிருக்கிறார்!

ஒவ்வொரு கடிதமும் முதலில் தாமஸ் ஃபெலிப்ஸ் என்ற சங்கேத நிபுணர் கைக்குப் போனது. அவர் படித்து நகல் எடுப்பார். முத்திரையைப் பிரித்த அடையாளமே தெரியாமல் ஒட்ட இன்னொருவர் இருந்தார்.

ஆந்தணி பாபிங்டன் என்ற இளைஞரோடு மேரி பயன்படுத்தியது பழைய கடிதங்களில் இருந்ததைவிட லேசான பூட்டு: எழுத்துகளுக்கு 23 குறிகள், சில வார்த்தைகளுக்குத் தனிக் குறிகள், ஏமாற்ற 4 வெற்றுக் குறிகள். எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணினாலே ஃபெலிப்ஸ் மாதிரி ஆளுக்குப் பாதி வேலை முடிந்தது. இன்றைய எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனில் இந்த எண்ணுகிற வேலை பலிக்காது. வாட்ஸ்அப், சிக்னல் சாட்கள் இயல்பாகவே அப்படித்தான் போகின்றன. டெலிகிராமில் சாதாரண சாட்டுக்கு அது கிடையாது. சீக்ரெட் சாட்டை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒட்டு வரியில் தூண்டில்

1586 ஜூலையில் பாபிங்டன் திட்டத்தை எழுதினார். வெளிநாட்டுப் படை வரும், மேரியை மீட்போம், ஆறு பேர் எலிசபெத்தைக் கொல்வார்கள். ஜூலை 17-ல் மேரி பதில் அனுப்பினார். அவர் பிரெஞ்சில் சொல்ல, செயலாளர்கள்தான் ஆங்கிலமாக்கிச் சங்கேதத்தில் எழுதினார்கள். ஃபெலிப்ஸ் தன் நகலின் மேல் தூக்குமரம் ஒன்றை வரைந்தாராம். அதோடு விடவில்லை. மேரி எழுதியதுபோலவே, அந்த ஆறு பேர் யார் என்று கேட்டு ஒரு பின்குறிப்பையும் அதே சங்கேதத்தில் சேர்த்தார். சிக்னலில் 'சேஃப்டி நம்பர்' என்றும் வாட்ஸ்அப்பில் 'செக்யூரிட்டி கோட்' என்றும் ஒன்று இருக்கிறதே, யாரும் எட்டிப் பார்க்காத பக்கம், அது இந்த மாதிரி நடுவில் புகும் ஆளைக் கண்டுபிடிக்கத்தான்.

ஆகஸ்டில் குதிரையில் வெளியே போன மேரியை வழிமறித்தார்கள். அறையிலிருந்த பெட்டிகளில் கடிதங்களும் சங்கேதப் பட்டியல்களும் கத்தையாக அகப்பட்டன. செப்டம்பரில் பாபிங்டன் கொல்லப்பட்டார்.

அக்டோபரில் ஃபாதரிங்ஹே கோட்டையில் விசாரணை. வக்கீல் கிடையாது. மேரி கொலைத் திட்டத்தை மறுத்து, அசல் கடிதத்தைக் காட்டச் சொன்னார். நீதிமன்றத்தில் இருந்தது நகல்தான். ஆனால் அதில் இருப்பது உண்மைதான் என்று அவருடைய செயலாளர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். வழியில் எவ்வளவு பாதுகாப்பு இருந்தாலும், மெசேஜை எழுதும் இடத்தில் ஒரு சாட்சி இருந்தால் கதை முடிந்தது. பூட்டப்படாத சாட் பேக்கப்பும், திறந்து கிடக்கும் போனும் இன்று அந்தச் செயலாளர்களின் இடத்தில்தான் இருக்கின்றன.

1587 பிப்ரவரி 8, அதிகாலை இரண்டு மணி. பிரான்ஸ் மன்னரான தன் மைத்துனர் மூன்றாம் ஹென்றிக்கு மேரி கடைசிக் கடிதம் எழுதினார். இந்த முறை சங்கேதம் இல்லை. தாளின் ஓரத்திலிருந்தே ஒரு கீற்றை வெட்டி, மடித்த கடிதத்துக்குள் ஊசிபோலக் கோத்துப் பூட்டினார். யாராவது பிரித்தால் கீற்று கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். சில மணி நேரத்தில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. வயது 44.

வேலைக்காரர்களை மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் வெளியே வந்த பிறகுதான் கடிதம் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தது. இப்போது அது எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது.