கடற்காக்கையிடம் கற்றவர்

கண்ணுடையார் பலர், கூர்ந்து காண்பார் சிலர். நம் வீட்டு முற்றத்தில் காக்கை கரைகின்றது. இறவாரத்தில் குருவி கூடு கட்டுகின்றது. குளக்கரையில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கின்றது. இவற்றை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். ஆயினும், இப்பறவை ஏன் இவ்வாறு செய்கின்றது என்று நின்று வினவுவார் நம்முள் மிகச் சிலரே. அவ்வாறு வினவுவதையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டு, கடற்கரை மணற்குன்றுகளில் பறவைகளின் நடுவே அமர்ந்து, விலங்குகளின் நடத்தையை ஆராயும் புதிய அறிவியல் துறை தழைக்கக் காரணமானவர்களுள் ஒருவர் நிக்கோ டின்பெர்கென் என்னும் பேரறிஞர்.

ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்கில், வடகடலை ஒட்டி அமைந்த சிறு நாடு நெதர்லாந்து. அந்நாட்டின் நிலப்பரப்புள் பல பகுதிகள் கடல் மட்டத்தினும் தாழ்ந்தவை. கடலுக்கும் நாட்டுக்கும் இடையே இயற்கை எழுப்பிய அரண்போல மணற்குன்றுகள் நீண்டு கிடக்கின்றன. அக்குன்றுகளுக்கு அணித்தாயுள்ள ஹேக் நகரில் 1907ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் டின்பெர்கென் பிறந்தார். தந்தையார் டச்சு மொழி கற்பித்த பள்ளியாசிரியர். அவருக்குப் பிள்ளைகள் ஐவர். அவருள் மூன்றாமவர் நம் டின்பெர்கென். மூத்தவராகிய யான், பொருளியலுக்கென 1969ஆம் ஆண்டில் முதன்முதலாக வழங்கப்பெற்ற நோபெல் பரிசைப் பெற்ற இருவருள் ஒருவர் ஆவார்.

இளமையில் நிக்கோ ஏட்டுக் கல்வியில் பெருவேட்கை கொண்டாரல்லர். வளைகோற் பந்தாட்டத்தில் அவருக்கு விருப்பம் மிகுதி. வீட்டின் பின்புறத்தில் நீர்த்தொட்டி அமைத்து, முதுகில் முட்களையுடைய சிறு மீன்கள் அதில் கூடு கட்டுவதைக் கண்டு மகிழ்வார். விடுமுறை வந்ததும் அவர் கால்கள் கடற்கரையை நாடும். இயற்கையை நேரிற் கண்டறிய விரும்பிய இளைஞர்கள் அந்நாட்டில் ஒரு சங்கம் அமைத்திருந்தனர். அதில் அவரும் சேர்ந்தார். ஒத்த உள்ளமுடைய தோழர்களோடு மணற்குன்றுகளிலும் கழிமுகங்களிலும் திரிந்து, இன்ன பறவை இன்ன நாளில் வந்தது என்று கண்டு குறிப்பெழுதும் பழக்கம் அவருக்கு அப்பருவத்திலேயே அமைந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்தபின், பல்கலைக்கழகத்தில் சேர்வதா வேண்டாவா என்று அவர் தயங்கினார். மகனின் இயல்பை அறிந்தோர் ஒரு வழி கண்டனர். பால்டிக் கடலோரத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலும் சூழ்ந்த ஒடுங்கிய மணற்றிட்டில், ரோசிட்டன் என்னும் சிற்றூரில் ஜெர்மானியர் நிறுவிய பறவை ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. 1925ஆம் ஆண்டு இளைஞர் டின்பெர்கென் அங்கே அனுப்பப்பெற்றார். இலையுதிர் காலத்தில் வடதிசையிலிருந்து பறவைகள் அணியணியாக அத்திட்டின் மேலாகத் தெற்கு நோக்கிப் பறந்து செல்லும் காட்சி அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. ஐயம் நீங்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் ஊர் திரும்பி, லைடன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலத் தொடங்கினார்.

பயிலும் காலத்திலும் கடற்கரை அவரை விடவில்லை. அவரும் கடற்கரையை விடவில்லை. கழிமுகத்துப் பறவைகளைப் பற்றி நண்பர் மூவரோடு சேர்ந்து 'பறவைத் தீவு' என்னும் பொருள்படும் நூல் ஒன்றை 1930ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர், தேனீக்களைப் பிடித்துச் செல்லும் ஒருவகைக் குளவி தன் வளையை எவ்வாறு அடையாளம் கண்டு திரும்புகின்றது என்பதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வேடு 32 பக்கங்களே கொண்டது. அளவிற் சிறிதாயிருந்ததால், பல்கலைக்கழகத்தார் பெரிதும் தயங்கிய பின்னரே அதனை ஏற்றனர். 1932இல் எலிசபெத் ருட்டன் என்னும் நங்கையை மணந்து, இருவருமாகப் பனி மூடிய கிரீன்லாந்துக்குச் சென்று, ஓராண்டுக்கு மேல் அந்நாட்டு மக்களிடையே வாழ்ந்து அங்குள்ள பறவைகளை ஆராய்ந்து வந்தனர்.

டின்பெர்கென் பெயரோடு என்றும் இணைந்து நிற்கும் பறவை கடற்காக்கை. பெயரில் காக்கை எனினும் இது நம் காக்கை இனத்தைச் சார்ந்ததன்று. உடல் வெண்ணிறம், முதுகும் சிறகுகளும் சாம்பல் நிறம், அலகு மஞ்சள். கீழலகின் நுனிக்கு அருகே, குங்குமப் பொட்டு வைத்தாற்போல ஒரு செம்புள்ளி காணப்படும். மாரியில் இப்பறவைகள் கடலோரமெங்கும் பரந்து இரை தேடும். அந்நாட்டு இளவேனிலின் தொடக்கத்தில், குளிர்காற்று இன்னும் ஓயாத நாள்களிலேயே, மணற்குன்றுகளில் தாம் கூடு கட்டும் இடத்தை நாடி மீளும்.

அந்த வருகையே கண்கொள்ளாக் காட்சியாகும். முதலில் அவை கூட்டமாகக் குன்றுகளின்மேல் உயரத்தில் வட்டமிடும். தரையில் இறங்க அஞ்சும். சில இறங்கியதும் ஏதோ ஒரு கலக்கத்தால் எல்லாம் ஒருங்கே எழுந்து கடலை நோக்கிப் பறந்து விடும். நாள்கள் செல்லச் செல்ல அச்சம் தணியும். தங்கும் பொழுது நீளும். பின்னர் ஒவ்வோர் இணையும் தனக்கென ஒரு சிறு நிலத்தை வரைந்துகொள்ளும். டின்பெர்கென் துணியாலான சிறு கூடாரத்துள் மறைந்திருந்து, துளை வழியே இவற்றை நோக்குவார். பறவைகளோ அக்கூடாரத்தைக் குன்றின் ஒரு பகுதியாகவே கருதித் தம் வாழ்க்கையை இயல்பாக நடத்தும்.

அவர் கண்டவற்றுள் ஒன்றைக் கூறுவோம். அயல் நிலங்களுக்குரிய இரு சேவல்கள் எல்லையில் எதிர்ப்படுகின்றன. இரண்டும் கழுத்தை நிமிர்த்தி, சிறகின் முன்பகுதியைச் சிறிதே தூக்கி, விறைப்பாக நடந்து நெருங்குகின்றன. இப்பொழுது கடும்போர் மூளும் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழ்வது அரிது. ஒரு சேவல் சட்டெனக் குனிந்து தரையிலுள்ள புல்லைக் கொத்திப் பிடுங்குகின்றது. மற்றதும் அவ்வாறே செய்கின்றது. சிறிது நேரத்தில் இரண்டும் தத்தம் இடத்துக்கு மீள்கின்றன. இது வீண் செயலா? தன் நிலத்தைக் காக்க வேண்டுமென்னும் சினமும், எதிரியிடம் கொண்ட அச்சமும் ஒருங்கே எழும்போது, பாயவும் இயலாமல் ஓடவும் இயலாமல் நின்ற பறவையின் உள்ளெழுச்சி புல்லின்மேற் செல்கின்றது என்று டின்பெர்கென் விளக்கினார். அச்செயலே எதிரிக்கு எச்சரிக்கையாகவும் அமைந்து, குருதி சிந்தாமல் எல்லையைக் காத்துத் தருகின்றது. நிற்கும் நிலை, கழுத்தின் வளைவு, குரல் ஆகிய எல்லாம் பறவைகளுக்கு மொழியாக உதவுகின்றன என்பதை அவர் இவ்வாறு படிப்படியாகக் கண்டார்.

1936ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கொன்ராடு லோரென்சை அவர் சந்தித்தார். இருவரும் விரைவில் உற்ற நண்பராயினர். மறு ஆண்டு லோரென்சின் இல்லத்தில் தங்கி, கூட்டை விட்டு உருண்ட முட்டையை வாத்தினும் பெரிய சாம்பல்நிறக் காட்டுப் பறவையொன்று தன் அலகால் உருட்டி மீட்பதை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தனர். லோரென்சு கற்பனை வளமும் சொல்வன்மையும் மிக்கவர். டின்பெர்கெனோ ஐயுற்று, சோதித்து, அதன்பின்னரே துணிபவர். இரு வேறு இயல்புகள் கூடி ஒரு துறையை வளர்த்தன.

இந்நிலையில் இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டது. 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தைக் கைப்பற்றிற்று. யூதர் என்னும் ஒரே காரணத்தால் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிலர் பதவியினின்று நீக்கப்பெற்றனர். அநீதியைக் கண்டு ஆசிரியரும் மாணவரும் கொதித்தெழுந்தனர்; பல்கலைக்கழகம் மூடப்பெற்றது. 1942இல், அதனைத் தம் கொள்கைக்கு ஏற்ற கழகமாக மாற்ற ஆட்சியாளர் முனைந்தபோது, ஆசிரியருள் பெரும்பாலார் பதவியைத் துறந்தனர். டின்பெர்கெனும் அவருள் ஒருவர். இளங்குழந்தைகளையுடைய தந்தை அவர். பணிந்து போயிருப்பின் பதவியும் ஊதியமும் நிலைத்திருக்கும். ஆயினும் அவர் பணியவில்லை.

அதன் பயனாக அவர் சிறைப்பட்டார். சின்ட் மிக்கில்ஸ்கெஸ்டல் என்னும் ஊரில், சமயக் கல்லூரிக் கட்டடம் ஒன்றில், நாட்டின் அறிஞரும் தலைவரும் பலர் பிணையாளராக அடைத்து வைக்கப்பெற்றிருந்தனர். நாட்டில் எங்கேனும் எதிர்ப்பு எழுந்தால் இவர்தம் உயிர் போகும் என்பதே அச்சிறையின் விதி. 1942 ஆகஸ்டு மாதத்தில் பிணையாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பெற்றிருந்தனர். இத்தகைய இடத்தில், நாளை என்ன நேருமோ என்னும் நிலையில், டின்பெர்கென் இரண்டு ஆண்டுகளைக் கழித்தார். குடும்பச் சுமை முழுவதையும் வெளியே அவர் மனைவியார் தாங்கினார். சிறைக்குள் இருந்த தந்தை தம் மக்களை மறந்தாரில்லை. கடற்காக்கைக் குஞ்சு ஒன்று பிறந்து வளரும் கதையைத் தாமே எழுதி, தாமே படமும் வரைந்து, மடல்களாக வீட்டுக்கு அனுப்பினார். போருக்குப்பின் அது சிறுவர்க்குரிய நூலாக வெளிவந்தது. மதிலுக்குள் அடைபட்டவர், மதிலறியாப் பறவையைத் தம் மக்கள் கண்முன் பறக்கவிட்ட செயல் நெஞ்சை உருக்குவதாகும்.

போர் முடிந்தபின் அவர் பேராசிரியராக உயர்ந்தார். மாணவர்களோடு மீண்டும் மணற்குன்றுகளுக்குச் சென்றார். முட்டையினின்று வெளிவந்த கடற்காக்கைக் குஞ்சு, தாயின் அலகைக் கொத்தியே இரை கேட்கின்றது. அது எதைக் கண்டு கொத்துகின்றது? இதனை அறிய அட்டையால் பறவைத் தலைகள் பல செய்து குஞ்சுகளின்முன் காட்டினார். தலையின் நிறம் எதுவாயினும் குஞ்சுகள் பொருட்படுத்தவில்லை. அலகில் செம்புள்ளி உள்ளதையே மிகுதியாகக் கொத்தின. நாம் அழகுக்கென்று எண்ணிய அப்பொட்டு, பசித்த குஞ்சுக்கு வழிகாட்டும் விளக்கு என்பது இதனால் விளங்கிற்று. விலையுயர்ந்த கருவி எதுவும் இவ்வாராய்ச்சிக்கு வேண்டியிருந்ததில்லை. அட்டையும் வண்ணமும் பொறுமையுமே போதுமாயின.

1949ஆம் ஆண்டில் அவர் ஒரு பெருந்துணிவு செய்தார். லைடனில் பெற்றிருந்த பேராசிரியர் பதவியைத் துறந்து, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அதனினும் தாழ்ந்த பதவியை ஏற்றார். தம் துறையின் கருத்துகள் ஆங்கிலம் வழங்கும் நாடுகளிற் பரவ வேண்டும் என்பதே அவர் நோக்கம். அங்கும் இளவேனில் வந்ததும் மாணவர் குழுவோடு கடற்கரைக்குப் புறப்படுவார். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள ராவன்கிளாசு என்னும் இடத்தில் கருந்தலைக் கடற்காக்கைகளை அவர் ஆராய்ந்தார்.

குஞ்சு பொரித்தபின் இப்பறவை, உடைந்த முட்டையோட்டை அலகாற் கவ்விக் கூட்டுக்கு அப்பால் எறிகின்றது. ஆண்டில் சில நிமிடங்களே நிகழும் இச்சிறு செயலின் காரணத்தை அவர் தேடினார். ஓட்டின் உட்புறம் வெண்மையானது. அது பளிச்சென்று தோன்றிப் பகைப் பறவைக்கு இடத்தைக் காட்டிக் கொடுக்குமோ என்று ஐயுற்றார். முட்டைகளைப் பரப்பி, சிலவற்றின் அருகிலும் சிலவற்றுக்கு எட்டவும் ஓடுகளை வைத்துச் சோதித்தார். ஓடு அருகில் இருந்த முட்டைகளையே காக்கைகள் மிகுதியாகக் கண்டுபிடித்துத் தின்றன. அங்ஙனமாயின் தாய்ப்பறவை உடனே ஓட்டை அகற்றாமல் சிறிது நேரம் தாழ்ப்பது ஏன்? ஈரம் உலராத குஞ்சை அயலிலுள்ள கடற்காக்கைகளே விழுங்கிவிடும். எனவே, அது உலரும் வரை தாய் கூட்டை விட்டு அகல்வதில்லை. ஒருபுறம் காக்கை, மறுபுறம் அயலார். இவ்விரு இடர்களுக்கும் நடுவே தாய்ப்பறவை வாழ்கின்றது என்பதை உலகம் அறிந்தது.

போர்க்காலத்தில் லோரென்சு ஜெர்மானிய ஆட்சிக் கட்சியில் உறுப்பினராயிருந்தார். படையில் மருத்துவராகப் பணிபுரிந்து, ரஷ்யரிடம் சிறைப்பட்டு 1948இல் மீண்டார். தம் நாட்டை வதைத்தோர் பக்கம் நின்ற நண்பரை மீண்டும் ஏற்பது டின்பெர்கெனுக்கு எளிதன்று. ஆயினும், 1949இல் இங்கிலாந்தில் இருவரும் சந்தித்தபோது பழைய நட்பு மலர்ந்தது. கொடுமையை எதிர்த்து நிற்கவும் அறிந்தவர். பகையை வளர்க்காமல் விடவும் அறிந்தவர்.

ஓர் உயிரின் செயலை எவ்வாறு ஆராய்தல் வேண்டும் என்பதை 1963ஆம் ஆண்டில் அவர் வரையறுத்துக் கூறினார். அச்செயலைத் தூண்டுவது எது? அது உயிர் வாழ்வதற்கு எவ்வாறு உதவுகின்றது? அவ்வுயிரின் வளர்ச்சியில் அது எவ்வாறு உருவாயிற்று? தலைமுறை தலைமுறையாக அது எவ்வாறு தோன்றி மாறி வந்தது? இந்நான்கு வினாக்களும் இன்றும் அத்துறையின் தூண்களாக நிற்கின்றன. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்த கார்ல் வான் பிரிஷ், லோரென்சு, டின்பெர்கென் ஆகிய மூவருக்கும் 1973ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பெற்றது. உள்ளத் தளர்ச்சி அவரைப் பலகால் வருத்தியதுண்டு. அதற்கிடையேயும் அவர் பணி நடந்தது. டெஸ்மண்டு மாரிசு, ரிச்சர்டு டாக்கின்ஸ் முதலிய அறிஞர்கள் அவரிடம் பயின்றவர்களே. 1988ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் அவர் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! மணற்குன்றில் அமர்ந்து பறவையை நோக்கிய கண்ணும், அநீதிக்கு முன் தாழாத தலையும் ஒருவருடையனவே. உள்ளதை உள்ளவாறு காணப் பழகிய உள்ளம், பொய்யைப் பொய்யென்று கூறவும் துணிவு பெறுகின்றது. நாளைக் காலையில் உங்கள் வீட்டுக் கூரையில் ஒரு பறவை வந்து அமரும். சிறிது நேரம் அசையாமல் நின்று அதனை நோக்குங்கள். ஏன் என்று ஒரு வினா எழுப்புங்கள். டின்பெர்கெனின் கல்வி அவ்வாறே தொடங்கிற்று.