கடலைக் கண்டவர், மலையில் பழி சுமந்தவர்

புது தில்லி: தில்லியை ஆண்டவர்கள் பன்னெடுங்காலமாகக் கைபர் கணவாயையே கண்காணித்தனர், கடற்கரையை மறந்தனர். தரையில் நிகரற்று விளங்கிய முகலாயர்கள்கூடத் தங்கள் ஹஜ் கப்பல்களுக்குப் போர்த்துகீசியரிடம் அனுமதிச் சீட்டு பெற வேண்டியிருந்தது. இந்தப் பிழையை 1945-இல் இந்தியாவும் இந்தியப் பெருங்கடலும் என்ற ஆங்கில நூலில் எடுத்துரைத்தவர் சர்தார் கே.எம். பணிக்கர்.

திருவிதாங்கூரின் காவாலத்தில் 1895-இல் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு பயின்றார். பத்திரிகை ஆசிரியராகவும் பிகானீர் சமஸ்தானத் திவானாகவும் பணியாற்றினார். தரைவழிப் படையெடுப்பு அரச வம்சத்தை மாற்றும். வந்தவர் காலப்போக்கில் இம்மண்ணில் கலந்துவிடுவர். கடலை ஆள்பவரோ வணிகத்தை முடக்கியே நாட்டைப் பணியவைக்க முடியும். அவர் கண்ட வேறுபாடு இதுவே.

ஆனால், அவருக்குச் சோதனை வந்தது தரைவழியில். 1950-இல் சீனப் படைகள் திபெத்தில் நுழைந்தபோது பெய்ஜிங்கில் இந்தியத் தூதராக இருந்தவர் பணிக்கர். சீனாவின் நோக்கத்தைக் கணிக்கத் தவறினார் என்ற பழி அவரைத் தொடர்ந்தது. 1962-இல் இமயத்தில் போர் மூண்டது; மறு ஆண்டு டிசம்பரில் மைசூரில் அவர் காலமானார்.

பாதுகாப்புத் தளமாக அவர் முன்பே சுட்டிக்காட்டிய அந்தமான்-நிகோபாரில் முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் 2001-இல்தான் அமைந்தது. மலையையும் கடலையும் ஒருசேரக் காக்க வேண்டிய நாடு இது. அவருடைய நூலும் தூதுப் பணியும் சேர்ந்து உணர்த்துவது அதையே.