மருந்துக்கடையை விட்டு நகராத ஷீலே

மோட்டார், பம்ப் என்று எழுதி எங்களைத் தூங்க வைத்துவிடாதே என்று மலர்க் குழு நண்பர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். என் பிழைப்பு மாத்திரை தயாரிக்கும் ஆலையில். அதனால் ஒரு மருந்துக்கடைக்காரரைப் பற்றி எழுதுகிறேன்.

கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1742-ல் பால்டிக் கரையில் ஸ்ட்ரால்சுண்ட் நகரில் பிறந்தவர். இன்று அது ஜெர்மனி; அன்று ஸ்வீடன் வசம். வீட்டில் 11 பிள்ளைகள். 14 வயதில் கோதன்பர்க் மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது.

அக்கால மருந்துக்கடையில் அட்டைப்பெட்டி அடுக்கி விற்கிற கதையில்லை. வேர், பட்டை, உப்பு, பாதரசம் என்று வந்திறங்கும். அரைப்பது, காய்ச்சுவது, வடிப்பது எல்லாம் அங்கேயேதான். கடையின் பின்கட்டே சோதனைக்கூடம். நம்ம ஆளு அதை விடவில்லை. மால்மோ, ஸ்டாக்ஹோம், உப்சாலா என்று ஊர் ஊராகக் கடை மாறினாலும் ஓய்வு நேரமெல்லாம் அடுப்படியில்தான். வாயுவைப் பிடிக்க அவரிடம் இருந்தது மாட்டின் சிறுநீர்ப்பை! நமக்குக் கல்லூரி லேபில் எத்தனை கருவி இருந்தது, என்ன கண்டுபிடித்தோம் என்று கேட்காதீர்கள்.

அந்தப் பையில்தான் 1771-72 வாக்கில் பிராணவாயு சிக்கியது. பெயர் மட்டும் சிக்கவில்லை. புத்தகம் அச்சாகத் தாமதமாகி 1777-ல்தான் வெளிவந்தது. அதற்குள் 1774-ல் அதே வாயுவைக் கண்ட இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி, மறு வருஷமே எழுதி வெளியிட்டுவிட்டார். குளோரினையும் 1774-ல் ஷீலே பிரித்தெடுத்தார். அது ஒரு தனிமம் என்று சொல்லிப் பெயர் வைத்தவர் 1810-ல் டேவி. சிட்ரிக், லாக்டிக், யூரிக் அமிலங்கள், கிளிசரின்... பட்டியல் நீளும்.

கிளிசரின் இன்றும் இருமல் சிரப்பில் இருக்கிறது. என் அக்கா மகள் பி.பார்ம் சேரப்போகிறேன் என்றதும், மாத்திரை எண்ணிக் கொடுக்கவா 4 வருஷப் படிப்பு என்று அக்கா முகம் சுளித்தாள். எங்கள் ஆலையில் என் இயந்திரம் எவ்வளவு ஓடினாலும், தரக்கட்டுப்பாட்டில் பி.பார்ம் படித்த அம்மா கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். மருந்தை உருவாக்குவது, சோதிப்பது, மருத்துவமனையில் நோயாளிக்கு அளவு பார்ப்பது என்று எத்தனையோ வேலை உண்டு. 6 வருஷப் பார்ம்.டி படிப்பும் இருக்கிறது.

ஷீலேவுக்கு 1775-லேயே ஸ்வீடன் அறிவியல் கழகம் உறுப்பினர் பதவி தந்தது. அப்போது அவர் கடைச் சிப்பந்திதான்! பெர்லினிலிருந்தும் அழைப்பு வந்தது. போகவில்லை. பெரிய பதவி வேண்டாம், சொந்தமாக ஒரு கடை போதும் என்பது அவர் கணக்கு. அதே வருஷம் சோப்பிங் என்ற சிற்றூரில், உரிமையாளர் இறந்துபோன ஒரு கடையை அவர் மனைவிக்காக ஏற்று நடத்தப் போனவர், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார்.

ஆர்செனிக், பாதரசம், சயனைடு வகை அமிலம் என்று எதையும் முகர்ந்தும் ருசித்தும் பார்க்கிற பழக்கம். உடம்பு கெட்டதற்கு அதுவே காரணமாயிருக்கலாம் என்பார்கள். 1786 மே 21-ல் இறந்தபோது வயது 43. அதற்குச் சில நாள் முன்புதான், படுத்த படுக்கையில் அந்த விதவையை மணந்துகொண்டார். கடை மறுபடி அந்த அம்மாளுக்கே போய்ச் சேரட்டும் என்று.